அந்தத் தாளை நான் சத்தமாகப் படித்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தும் வெயில் குறையாத ஒரு வருடத்தில் நடந்தது இது. மதுரைக்கு வெளியே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஒரு கலைக் கல்லூரியில் நான் தமிழ் ஆசிரியை. இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அதனால் கல்லூரி பேர், ஆட்கள் பேர் எதுவும் சொல்லப் போவதில்லை.

அந்த வருடம் என் தலையில் விழுந்தது முதலாண்டு வணிகவியல் மாணவர்களுக்கான எழுத்துப் பயிற்சி வகுப்பு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். இரண்டுமே மத்தியானச் சாப்பாடு முடிந்த முதல் மணி. அந்த டைம்டேபிளைப் போட்டவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அறுபத்து நாலு பிள்ளைகள். நாலு ஃபேன். அதில் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும். இன்னொன்று சத்தம் மட்டும் போடும்.

முதல் நாள், "இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் நாள் பற்றி எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை, கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. எத்தனை பக்கம்மா? பாயிண்ட் போடணுமா, பத்தியா எழுதணுமா? உபதலைப்பு போட்டா மார்க் உண்டாம்மா? (தமிழ்த்துறை என்றால் எங்கள் பக்கம் ஐயா, அம்மாதான். சார், மேடம் எல்லாம் மற்ற துறைகளுக்கு.) பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. வந்த தாள்களில் பாதிக்கு மேல் முதல் வரி ஒன்றேதான்: "கல்லூரி என்பது ஓர் அறிவுக் கோயில்." முதல் நாள் பஸ்ஸைத் தவறவிட்டவன், வகுப்பு மாறி உட்கார்ந்தவள், பயத்தில் சாப்பிடாமல் திரும்பியவள் என்று ஒருத்தராவது இருப்பார்கள்தானே? ஒருத்தரும் இல்லை. அத்தனை பேரும் நேராகக் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் கைபேசி புகுந்தது. தலைப்பை அதில் தட்டினால் கட்டுரை வந்து விழுகிறது, அதைப் பார்த்து எழுதினால் முடிந்தது வேலை. ஒரு பையன் எழுதியிருந்த முதல் வரி, "நிச்சயமாக, இதோ நீங்கள் கேட்ட கட்டுரை." அதையும் மணிமணியான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தான். நான் சிரிக்கவா, அழவா? துறைத் தலைவர் ஐயாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா. பாஸ் மார்க்கப் போட்டு அனுப்பிருங்க. இவங்க என்ன எழுத்தாளரா ஆகப் போறாங்க?" என்றார். அந்தப் பதில் என் எரிச்சலை இன்னும் ஏற்றியது.

இத்தனை பேருக்கு நடுவே மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு பெண். அவள் யாரையும் பார்த்து எழுத மாட்டாள், கைபேசியையும் தொட மாட்டாள். தாளில் பேர், வரிசை எண், தேதி, தலைப்பு எல்லாம் சுத்தமாக இருக்கும். அதற்குக் கீழே ஒன்றுமே இருக்காது. ஐந்து வாரம் இப்படியே கொடுத்தாள். ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா எழுதல?"

"வரலம்மா."

"தமிழ்தானே? பேச வருது, எழுத வராதா?"

"வீட்ல சௌராஷ்டிரா பேசுவோம்மா."

"மதுரையில எத்தனை பேர் வீட்ல அதான் பேசுறாங்க. அவங்கல்லாம் எழுதலையா?"

தலையை ஆட்டினாள். எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அவளோடு நான் பேசியது அவ்வளவுதான். மதிப்பெண் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே "ஆர்வம் இல்லை" என்று எழுதினேன்.

ஆறாவது வாரம் ஒரு முடிவோடு போனேன். "இந்த வாரம் உங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம். முன்னுரை கூடாது. முடிவுரை கூடாது. பழமொழி கூடாது. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். இதில் யாரைப் பார்த்து எழுதுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

தாள்கள் வந்தன. கரண்ட் இல்லாத மத்தியானம், ஆசிரியர் அறையில் தாளாலேயே விசிறிக்கொண்டு படித்தேன். "குடும்பம் என்பது ஓர் அழகிய பூந்தோட்டம்" என்று பதினோரு பேர். அதே வரி, அதே நிறுத்தக்குறி. பன்னிரண்டாவதாக வந்தது ஜன்னலோரப் பெண்ணின் தாள். மூன்று பக்கம்.

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்று அது ஆரம்பித்தது. அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா சொல்வதை அம்மாவிடமும், அம்மா சொல்வதை அப்பாவிடமும் இவள்தான் சொல்ல வேண்டும். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். "அவளுக்குக் காது கேக்காதா என்று அப்பா கேட்டால், அப்பா கூப்பிடுறாங்க என்று நான் அம்மாவிடம் சொல்வேன். அப்பா சொன்னது அம்மாவுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அம்மா நான் சொன்னதற்குத்தான் பதில் சொல்வார்." அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் படுத்துவிட்டாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. "இரண்டு பேரும் தனித்தனியாக வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். சீக்கிரம் எழுந்திரு என்று இரண்டு பேரும் சொன்னார்கள்." கடைசி வரி அது. முடிவுரை இல்லை.

படித்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதை அவள் எழுதியிருக்க மாட்டாள். ஐந்து வாரம் வெறுந்தாள் கொடுத்தவள், ஆறாவது வாரம் ஒரு பிழையில்லாமல் மூன்று பக்கமா? பதினோரு பூந்தோட்டம் தாண்டி வந்த ஆத்திரம் முழுவதும் அந்தத் தாளின் மேல் போய் நின்றது.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். "உங்களில் ஒருத்தர் புதுசாக ஒரு நல்ல ஆப் கண்டுபிடித்திருக்கிறார்" என்று சொல்லி, அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, நாடக வசனம் மாதிரி படித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். காது கேக்காதா என்ற இடத்தில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இரண்டாவது பக்கம் படிக்கும்போது, அவள் அருகில் இருந்த தோழி எழுந்தாள்.

"அம்மா, அது அவ எழுதுனதுதாம்மா. உண்மைம்மா."

"உன்ன யாரும் கேக்கல. உட்காரு" என்றேன்.

நின்றிருந்தவள் அழவில்லை. நான் படித்து முடிக்கிற வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எந்த ஆப்னு இவங்களுக்கும் சொல்லிக் குடேன்" என்று கேட்டேன். பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள். "பாருங்க, மாட்டிக்கிட்டா கோவம் வேற" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் போனது. எட்டாவது நாள் முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தது.

உள்ளே அவளுடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். மூன்று நாற்காலிகளில் ஓரத்தில் ஒருவர், மறு ஓரத்தில் ஒருவர். நடு நாற்காலி காலி. என்னை அதில் உட்காரச் சொன்னார் முதல்வர். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். அம்மா ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறவர், அந்தச் சீருடைச் சேலையோடே வந்திருந்தார். வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் வீடு. எங்கள் வகுப்புப் பையன் ஒருத்தன் அவர்கள் தெருவில் இருக்கிறானாம். நான் படித்தது அவன் மூலமாக அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் போய்விட்டது. பெண் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை.

அப்பா முதல்வரிடம் சொன்னார். "பொண்ண இனி இங்க அனுப்புறதா இல்ல சார். டிசி குடுத்துருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "டிசி கேக்குற லெட்டர்ல கையெழுத்துப் போடுவாங்களான்னு அவங்ககிட்டக் கேளுங்க மேடம்" என்றார்.

யாரை என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அம்மா நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போட மாட்டேன்னு சொல்லுங்க. படிப்ப நிறுத்துறதுக்கு இவர் யாருன்னும் கேளுங்க."

நான் அப்பாவிடம் திரும்பினேன். "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்க சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அந்த அம்மா சொன்னதை நான் மாற்றிச் சொல்லியிருந்தேன். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அது காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அவர் நான் சொன்னதற்குத்தான் பதில் சொன்னார். "பொறுத்து என்னத்தப் பாக்குறது? வீட்ல ஒரு வாரமா யாரும் யார்கூடவும் பேசலன்னு சொல்லுங்க."

தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. ஒரு வாரம் பொறுப்பதாக ஒத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, பத்தடி இடைவெளி விட்டு வெளியே போனார்கள். முதல்வர் என்னைப் பார்த்து, "திங்கட்கிழமைக்குள்ள எழுத்துல விளக்கம் குடுங்க" என்றார்.

ஆசிரியர் அறைக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்து வைத்தேன். தேதி போட்டேன். "அனுப்புநர்" போட்டேன், "பெறுநர்" போட்டேன், "பொருள்" போட்டேன். அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருடமாகக் கட்டுரை திருத்துகிறவள் நான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், ஒரு வரி வரவில்லை. எதை எழுதினாலும் ஒன்று என்னைக் காப்பாற்றுகிற மாதிரி இருந்தது, இல்லை நடிக்கிற மாதிரி இருந்தது.

பக்கத்து மேஜை ஆசிரியை பரிதாபப்பட்டு, தன் ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். முன்பு எப்போதோ அவர் கொடுத்த விளக்கம். "இதுல தேதியையும் விஷயத்தையும் மட்டும் மாத்துங்க. யாரு படிக்கப் போறா?" என்றார். "மேற்படி நிகழ்வு என் கவனத்தையும் மீறித் தவறுதலாக நடந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று இருந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பேனாவை எடுத்துப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். பாதியில்தான் நிறுத்தினேன். என் பிள்ளைகள் எந்த நிம்மதிக்காகப் பூந்தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. சோம்பேறித்தனம் என்று எம்புட்டு நாள் திட்டியிருப்பேன். வெறுந்தாள் முன்னால் உட்கார்ந்தால் வருகிற பயத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவள் திகைத்து நின்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்தாள். "நீதான் எழுதுனன்னு தெரியும்மா. நான் பண்ணுனது தப்பு" என்றேன்.

"பரவால்லம்மா."

"திங்கட்கிழமை வாரியா?"

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "எல்லாரும் இருக்கயிலதானம்மா படிச்சீங்க. இதையும் அங்க சொல்லுங்க" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். ஆனால் வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. அறுபத்து நாலு பேர் முன்னால் இந்த வயசில் நான் நிற்பதா? யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்திருந்தாள். அதே ஜன்னலோரம். "நான் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதணும். ரெண்டு நாளா வரல. இங்கயே எழுதப் போறேன். தப்பா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்தேன்.

ஆசிரியப் பணியின் சுமை பற்றி நாலு வரி எழுதினேன். பின்னாலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல். "அம்மா, முன்னுரை கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க." வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது சரி. அழித்தேன்.

"என் செயலால் சில மாணவர்களின் மனம் புண்பட்டிருந்தால்" என்று அடுத்து எழுதினேன். ஒரு பெண் எழுந்தாள். "சிலர் இல்லையேம்மா. ஒருத்தர்தான்." இன்னொருத்தன் உட்கார்ந்தபடியே, "இருந்தால்னு எதுக்கும்மா? புண்பட்டதுதான் தெரியுமே" என்றான். இரண்டு மாதமாக எத்தனை பக்கம் என்பதைத் தவிர எதுவும் கேட்காத பிள்ளைகள். ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதையும் அழித்தேன்.

பிறகு எனக்கே தெரியாமல் அந்த ஃபைல் கடிதத்து வரி கையில் வந்துவிட்டது. "இது தவறுதலாக நடந்துவிட்டது" என்று எழுதித் திரும்பினேன்.

ஜன்னலோரப் பெண் எழுந்து நின்றாள். "தவறுதலா இல்லம்மா" என்றாள். பக்கத்தில் இருந்த தோழியைக் காட்டினாள். "இவ எந்திரிச்சுச் சொன்னா. நீங்க உட்காரச் சொன்னீங்க. அப்புறமும் படிச்சீங்க."

வீட்டில் எந்தச் சொல்லை விட்டால் சண்டை வரும், எந்தச் சொல்லை மாற்றினால் வராது என்று பார்த்துப் பார்த்துப் பேசிப் பழகியவள், இந்த ஒரு சொல்லை எனக்காக மாற்றிக் கொடுக்கவில்லை. "அப்ப என்னம்மா போட?" என்று நிஜமாகவே கேட்டேன்.

"நடந்ததப் போடுங்கம்மா."

எழுதினேன். "ஒரு மாணவி உண்மையாக எழுதிய தாளை நான் நம்பவில்லை. அவளுடைய அனுமதியில்லாமல் எல்லோர் முன்னிலையிலும் கேலியாகப் படித்தேன். அவள் தோழி உண்மையைச் சொன்னபோது கேட்க மறுத்தேன். மற்றவர்கள் மேல் இருந்த எரிச்சலை அவள் மேல் காட்டினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் திருத்தம் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

அதையே தாளில் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "ஃபைல்ல வைக்கிற லெட்டர இப்படியாம்மா எழுதுவாங்க? நீங்களே மாட்டிக்கிட்ட மாதிரில இருக்கு" என்று சலித்துக்கொண்டார். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றோடு அந்த வகுப்பு மாறிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அடுத்த வாரமே நாலு பூந்தோட்டம் வந்தது. இந்த வருடமும் வருகிறது. துறைத் தலைவர் ஐயா இன்னும் பாஸ் மார்க் போடச் சொல்கிறார். ஆனால் அன்றிலிருந்து நான் கொடுக்கும் தலைப்பில் நானும் கரும்பலகையில் எழுதுகிறேன், அடித்துத் திருத்தி, திணறி, பிள்ளைகள் பார்க்க. தாளின் தலையில் "எல்லாரும்" அல்லது "அம்மா மட்டும்" என்று அவர்களே எழுதித் தருகிறார்கள். அதைத் தாண்டி நான் ஒரு வரியைக்கூட வெளியே படிப்பதில்லை. அவள் அந்தப் பருவம் முழுவதும் "அம்மா மட்டும்" என்றே எழுதினாள். பெரும்பாலும் அரைப் பக்கம்தான். வெறுந்தாள் ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. இந்த வருடம் பட்டம் வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டில் பிறகு என்ன ஆனது என்று நான் கேட்டதில்லை. அவளாக எழுதியிருந்தால் படித்திருப்பேன், அவ்வளவுதான்.

இப்போதும் தாள் கட்டோடு உட்கார்ந்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது. அந்த எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போது கைக்கு வருகிற தாளை மட்டும் நான் அன்றைக்குத் திருத்துவதில்லை. எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, "இதப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.